உறையாமல் போனதற்குச் சாட்சி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
19 ஜனவரி 2025

ஜெபின்,

வந்து சேர்ந்துவிட்டேன். நம் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டுப் படியை நான் ஏறியது இதுதான் முதல் தடவை. அப்பா வாசலில் நின்றிருந்தார். எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அம்மா இலை போட்டாள்.

இனி போனில் பேசப்போவதில்லை. பேசினால் நீ பாதியில் குறுக்கே வருவாய், நான் கத்துவேன். எழுதினால் நீ கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். பிரிஸ்கில்லா தினமும் இங்கே பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் தங்கை கறாரானவள். கடிதம் என்றால் கொண்டுபோவாளாம், வாய்ச்சொல் எதையும் சுமக்கமாட்டாளாம்.

நான் ஏன் கிளம்பினேன் என்று உனக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடு என்று நீ சொன்னதற்காக இல்லை. அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. எங்கள் தலைமை விமானி என்னை விட்டுவிட்டு உனக்கு போன் போட்டாரே, அப்போது நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "சரி சார், போட வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தாயே, அதற்காக.

எதில் கையெழுத்து? டிசம்பரில் வட அமெரிக்காவிலிருந்து டெல்லிக்கு நான் ஓட்டிவந்த விமானத்தை உயரம் குறைத்ததும், நடுவழியில் ஒரு ஊரில் இறக்கி எரிபொருள் நிரப்பியதும் "பதற்றத்தில் எடுத்த தேவையற்ற முடிவு" என்று நானே ஒப்புக்கொள்ளும் தாளில். ஒப்புக்கொண்டால் கொஞ்ச நாள் பயிற்சி, அப்புறம் பழையபடி பறக்கலாம். இல்லையென்றால் விசாரணை.

விசாரணைக்குப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை சர்ச்சில் எனக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று ஜெபிக்கச் சொன்னார்களாம். நன்றி சொல். அது இருப்பதால்தான் இவ்வளவு பிரச்சினை.

என் நீல உறை போட்ட விமானக் கையேடுகளையும் லைசென்ஸையும் பிரிஸ்கில்லாவிடம் கொடுத்துவிடு.

மாதவி


ராஜபாளையம்,
22 ஜனவரி

மாதவி,

புஸ்தகமெல்லாம் குடுத்து விட்டிருக்கேன். லைசென்ஸ் மட்டும் என்கிட்ட இருக்கு. பஸ்ஸுல தொலைஞ்சிரும்னு பயம். வேணும்னா நானே கொண்டு வாரேன். உங்க அப்பா வாசல்ல நிப்பாரேன்னு யோசிக்கேன், வேற ஒண்ணுமில்ல.

நீ எழுதுனது முழுக்கப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். உனக்குக் கோபம் இருக்குன்னா எனக்கும் இருக்கு. டிசம்பர்ல நடந்ததை எனக்கு யாரு சொன்னா? டீக்கடை டிவி சொல்லுச்சு. "பனியில் சிக்கிய விமானம், பயணிகள் அவதி"ன்னு ஓடுது, கீழ உன் பேரு. நான் தறிக்கு ஸ்பேர் வாங்கப் போனவன், அங்கன பெஞ்சுல உக்காந்துட்டேன். உனக்கு போன் போட்டா எடுக்கல. நீ என்கிட்ட பேசுனது மறுநாள் மத்தியானம். "ஒண்ணுமில்ல ஜெபின், கொஞ்சம் குளிரு"ன்ன. அம்புட்டுதான் சொன்ன.

பொறவு அந்தத் தலைமை விமானி போன் பண்ணி, ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் முடிஞ்சிரும்னாரு. முடிஞ்சா போதும்னு இருந்துச்சு எனக்கு. அதான் சரின்னேன். நீ திரும்பப் பறக்கணும்னுதான் சொன்னேன், உன்னை வீட்ல உக்கார வைக்கச் சொல்லலியே.

எனக்கு இன்னொண்ணும் வெளங்கல. எரிபொருள் உறைஞ்சிரும்னு எறங்குனேன்னு சொல்லுத. ஆனா உறையலியே. உறையாதப்போ தப்பாக் கணிச்சிட்டேன்னு ஒத்துக்கிடுறதுல என்ன கேவலம்? நான் ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யுறவன், எனக்குப் புரியிற மாதிரி எழுது. குறுக்க பேச மாட்டேன். பேச முடியாதே.

அம்மா ஜெபத்தைப் பத்தி நக்கல் வேண்டாம். அவிய பாவம்.

ஜெபின்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
26 ஜனவரி

ஜெபின்,

நீ கேட்டது நல்ல கேள்வி. டிசம்பரிலேயே கேட்டிருக்கலாம். நானும் அப்போதே சொல்லியிருக்கலாம். டீக்கடை பெஞ்சைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இறங்கியவுடனே கூப்பிட்டிருப்பேன். முந்நூறு பேரை எங்கே தங்கவைப்பது என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? எண்ணெய் உள்ளே இருக்கும், ஆனால் கைக்கு வராது. விமான எரிபொருளும் அப்படித்தான். தண்ணீர் மாதிரி ஒரேயடியாகக் கட்டியாகாது. அதற்குள் இருக்கும் மெழுகு முதலில் பொடிப்பொடியாகத் திரளும். குழம்பாகும். இறக்கை நிறைய எரிபொருள் இருக்கும், ஆனால் பம்புக்கு வராது. எஞ்சின் பட்டினி கிடக்கும்.

நாங்கள் வந்தது வட துருவத்துக்குப் பக்கமாக. வெளியே காற்று மைனஸ் எழுபதுக்கும் கீழே. எரிபொருள் இருப்பது இறக்கைக்குள். அந்தக் குளிரில் இறக்கை மணிக்கணக்காக ஊறிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள். நாங்கள் கிளம்பிய இடத்தில் நிரப்பித் தரும் எரிபொருள் மைனஸ் நாற்பதில் உறையும் ரகம். நம் நாட்டில் நிரப்புவது இன்னும் ஏழு டிகிரி குளிர் தாங்கும். நாற்பதுக்கு மூன்று டிகிரி முன்னாலேயே, அதாவது முப்பத்தேழிலேயே, விமானி ஏதாவது செய்தாகவேண்டும். அது எங்கள் கம்பெனிக் கையேட்டிலேயே இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய நீல உறைக்குள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

செய்யக்கூடியவை கொஞ்சம்தான். வேகத்தைக் கூட்டலாம், காற்று உரசி இறக்கை சூடாகும். குளிர் குறைந்த இடமாகப் பார்த்துத் திரும்பலாம். இல்லையென்றால் கீழே இறங்கலாம்.

எரிபொருள் மைனஸ் முப்பத்தைந்தைத் தொட்டபோதே வேகத்தைக் கூட்டினேன். போதவில்லை. முப்பத்தேழு வந்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தரையிலிருந்து எங்களுக்கு வழி சொல்லும் கம்பெனி அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: உயரத்தை மாற்றவேண்டாம், ஒரு மணி நேரத்தில் வெப்பமான காற்று வரும். அதற்கு முன்னாலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அந்தக் காற்று வரவில்லை. கீழே இறங்கினால் எரிபொருள் அதிகம் செலவாகும், டெல்லிவரை காணாது, நடுவில் நிறுத்தவேண்டி வரும். அவர்கள் கவலை அது.

பக்கத்து இருக்கையில் கார்த்திகா. என் துணை விமானி, இருபத்தெட்டு வயசு. அவள் செய்தியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அனுமதி வாங்கி விமானத்தை இறக்கினேன். வெகுநேரம் கழித்து முப்பத்தாறு ஆனது. அப்புறம் முப்பத்தைந்து. அந்த ஒரு டிகிரிக்காக எவ்வளவு நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உனக்குச் சொன்னால் புரியாது.

இப்போது கம்பெனி சொல்கிறது, பதிவில் முப்பத்தேழுக்குக் கீழே போகவே இல்லையே, உறையவே இல்லையே, பின்னே ஏன் இறங்கினாய் என்று. நீயும் அதையேதான் கேட்கிறாய்.

நான் இறங்கினதால்தான் உறையவில்லை ஜெபின். உறையாமல் போனதற்கு நான் எங்கிருந்து சாட்சி கொண்டுவருவேன்? விழுந்திருந்தால் சாட்சி இருந்திருக்கும். நான் இருந்திருக்கமாட்டேன்.

அத்தையிடம் நக்கலுக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் கேட்கவில்லை.

மாதவி


ராஜபாளையம்,
2 பிப்ரவரி

மாதவி,

முந்தாநாள் உங்க சென்னை ஆபீஸ்ல இருந்து ஒரு மானேஜர் வந்தாரு. மதுரைக்கு ப்ளைட்ல வந்து அங்கேருந்து கார் புடிச்சு வந்திருக்காரு. நீ இங்க இருப்பேன்னு நெனச்சு வந்தாராம். அம்மா உக்கார வச்சு காப்பி குடுத்தா. நல்ல மனுசனாத்தான் பேசுனாரு. மேடம் மாதிரி ஆளு கம்பெனிக்குப் பெருமைன்னாரு. பொறவு பைக்குள்ளருந்து அந்தத் தாளை எடுத்து மேசைல வச்சாரு.

உன் கடிதம் என் சட்டைப் பையில இருந்துச்சு. ஆனாலும் அவரு வாயால கேக்கணும்னு இருந்தேன். எதுக்கு இது தேவையில்லாத முடிவுன்னு சொல்லுதீகன்னேன். அவரு நீ எழுதுன மாதிரியே, எரிபொருள் உறையலியே சார், ரெக்கார்டுல இருக்குன்னாரு. ஜன்னலுக்கு வெளிய நம்ம பேண்டேஜ் யூனிட்டுல ஆட்டோகிளேவ் ஓடிட்டு இருந்துச்சு, ஆவி வெளிய அடிக்கி. அதைக் காட்டுனேன்.

"சார், இதுல தெனமும் கட்டுத்துணியை வேக வச்சு கிருமி சாகடிச்சு அனுப்புதேன். இத்தனை வருசத்துல எங்க துணியால ஒருத்தருக்கும் சீழ் புடிச்சதில்ல. அப்போ நான் எரிச்ச கரண்டெல்லாம் தேவையில்லாத செலவா?"

அது வேற சார்ன்னாரு. எப்படி வேறன்னு கேட்டேன். காப்பியை எடுத்துக் குடிச்சாரு. பொறவு, நீங்க ஹஸ்பெண்டு, நீங்க சொன்னா கேப்பாகன்னு பழைய பாட்டை எடுத்தாரு. நான் கையெழுத்து கெடையாதுன்னுட்டேன். அம்மா ரெண்டாவது டம்ளர் ஊத்த வந்தவ, அப்படியே சட்டியோட உள்ள போயிட்டா.

எனக்குத்தான் லேட்டா வெளங்கிருக்கு. இந்த மெஷினை வச்சுக்கிட்டே எம்புட்டு நாளா வெளங்காம இருந்திருக்கேன்.

வீட்டுக்கு வா. லைசென்ஸ் அலமாரில பத்திரமா இருக்கு.

ஜெபின்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5 பிப்ரவரி

ஜெபின்,

ஆட்டோகிளேவ் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

நீ கேட்டது சரியான கேள்வி. ஆனால் "கையெழுத்து கெடையாது" என்று மறுபடியும் என் சார்பில் நீயே சொல்லி அனுப்பிவிட்டாய். போன தடவை போடுவாள் என்றாய், இந்தத் தடவை போடமாட்டாள் என்கிறாய். ரெண்டு தடவையும் நான் அறையில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசத்தை அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். பக்கத்து ஊர்தானே, கார் வேறு வைத்திருந்தாரே. அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்ல ஆசையாக இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டாய்.

ஆகவே இப்போது வரவில்லை.

இங்கேயும் சும்மா இல்லை. தெருவில் ஒருத்தர் அப்பாவை நிறுத்தி, பொம்மனாட்டி கையில அவ்ளோ பெரிய விமானத்தைக் கொடுத்தா இப்படித்தான் பயந்துண்டு நடுவழியில் நிறுத்துவா என்று சொல்லியிருக்கிறார். அப்பா பதில் பேசாமல் வீட்டுக்கு வந்தார். என் எதிரே உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். "பயந்து எறக்கினியா, தெரிஞ்சு எறக்கினியா?" இரண்டும்தான் என்றேன். பயப்படத் தெரியாதவர்களிடம் விமானத்தைக் கொடுக்கமாட்டார்கள் அப்பா என்றேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப அந்தத் தெருவுக்கே போனார். அங்கே என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது, சிரிக்கிறாள்.

விசாரணை பிப்ரவரி பதினெட்டு, டெல்லியில். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், வெளியிலிருந்து ஒரு மூத்த விமானி. அதற்கு முன்னால் கம்பெனி புதிதாக ஒரு பேச்சு எடுத்திருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாமாம், என் மேல் நடவடிக்கையும் வேண்டாமாம். பதிலுக்கு, தரை அலுவலகம் எங்களை உயரம் மாற்றாதே என்று சொன்னதாக நான் பாதுகாப்புப் பிரிவுக்குக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கமாட்டேன். என் பேர் சுத்தமாவது மட்டும் இல்லை இது. அதே வழியில் தினமும் ஒரு விமானம் வருகிறது. அதே குளிர். அதே அலுவலகம் அதே செய்தியை அனுப்புகிறது. அதைப் படிக்கும் விமானி இறங்கலாமா, வேலை போய்விடுமா என்று யோசிப்பார். என் கதையைக் கேட்டபிறகு இன்னும் அதிகமாகவே யோசிப்பார். அப்படி யோசிக்கிற நேரம் எரிபொருளுக்குக் கிடையாது.

இன்னொன்று. கார்த்திகா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், கேப்டன் என்னைக் கலந்து பேசவில்லை என்று. எழுத்துப்படி அது பொய் இல்லை. நான் அவளிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

மாதவி


ராஜபாளையம்,
9 பிப்ரவரி

மாதவி,

சரி. நீ சொன்னது நியாயம். அவருகிட்ட விலாசத்தைத்தான் குடுத்திருக்கணும்.

இன்னிக்கு சர்ச்சுல அம்மா எந்திரிச்சு நின்னு ஜெபக் குறிப்பை மாத்திச் சொல்லிட்டா. எங்க மருமகளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு, அவ கம்பெனிக்காக ஜெபிங்கன்னா. பாஸ்டர் ஐயா சிரிப்பை அடக்கிக்கிட்டு குறிச்சுக்கிட்டாரு.

லைசென்ஸை இதோட வச்சிருக்கேன். பிரிஸ்கில்லா பையில தனி உறை போட்டு. அது உன் கைல இருக்கட்டும்.

டெல்லிக்கு வாரேன்னு சொல்லல. வரட்டுமான்னு கேக்கேன்.

ஜெபின்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 பிப்ரவரி

ஜெபின்,

கேட்டதற்கு சந்தோஷம். வரவேண்டாம். அப்பாவும் கேட்டார், அவரிடமும் வேண்டாம் என்றேன். நீங்கள் யாராவது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் உள்ளே நான் பேசும்போது உங்களை நினைத்துக் கொஞ்சம் மெதுவாகப் பேசிவிடுவேன்.

மதுரையில் விமானம் ஏறப் போகும்போது பஸ் ராஜபாளையம் வழி போகாது. அதனால் பார்க்க முடியாது.

மாதவி


ராஜபாளையம்,
18 பிப்ரவரி

மாதவி,

இதை நீ திரும்பி வந்தப்புறம்தான் படிப்ப. ஆனா இன்னிக்கே எழுதலைன்னா மாத்தி எழுதிருவேன்.

காலையில உங்க அப்பா யூனிட்டுக்கு வந்துட்டாரு. பஸ்ஸுல வந்து, வழி கேட்டு, நடந்து. நம்பின்னு ஒரு பெரியவரு வந்திருக்காருன்னு யூனிட்டுப் பையன் வந்து சொன்னப்போ நான் நம்பல. வாசல்ல நிக்காரு. உள்ள வாங்கன்னேன். உள்ள வந்தாரு.

வீட்ல இருக்கப் பிடிக்கலைன்னாரு. போன் வந்தா யாராவது கூட இருக்கணும்னு தோணுச்சாம். நாலு வருசம் என்கிட்ட பேசாத மனுசன். பொறவு அவரே, அந்த ஆட்டோகிளேவைக் காட்டுங்கோன்னாரு. காட்டுனேன். பிரஷர் மீட்டரைக் கண்ணு எடுக்காமப் பாத்துக்கிட்டு நின்னாரு. இது தெனமும் சரியா இருக்கான்னு யாரு பாக்கறான்னு கேட்டாரு. நான்தான்னேன். ஒரு நாள் சரியில்லைன்னா? அன்னிக்கு லோடு போகாதுன்னேன். பார்ட்டி சத்தம் போட்டா? போட்டுக்கிடட்டும்ன்னேன். தலையை ஆட்டுனாரு.

மத்தியானம் வரைக்கும் உன் போன் வரல. ரெண்டு பேரும் அம்மா வச்ச சாதத்தைச் சாப்பிட்டோம். அவரு ரசம் ரெண்டாவது தடவை கேட்டாரு. இதை நீ உங்க அம்மாகிட்ட சொல்லுவியோ மாட்டியோ, நான் எழுதிட்டேன்.

ஜெபின்


டெல்லி,
19 பிப்ரவரி

ஜெபின்,

நேற்று போனில் "முடிந்தது, நல்லபடி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை எழுதித்தான் பழக்கமாகிவிட்டது.

காலையில் ஆரம்பித்தார்கள். கம்பெனி ஆள் பதிவுகளைக் காட்டி, முப்பத்தேழுக்குக் கீழே போகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, இறங்கியிருக்காவிட்டால் உறைந்திருக்கும் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "முடியாது. உறையுமா உறையாதா என்று முந்நூறு பேரை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை."

கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வெளியார் விமானி முன்னால் வைத்தேன். அவர் படித்துவிட்டு கம்பெனி ஆட்களிடம், இது நீங்கள் எழுதியதுதானே என்றார். ஆமாம் என்றார்கள். பிறகு ஏன் தரை அலுவலகம் வேறு சொன்னது என்றார். அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னார்கள். எனக்கு இப்போது ஒரு வரிகூட நினைவில் இல்லை.

மதியத்துக்கு மேல் கார்த்திகாவைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். எழுதிக் கொடுத்ததையே சொன்னாள், கலந்து பேசவில்லை என்று. அந்த மூத்த விமானி, கேப்டன் இறங்க ஆரம்பித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்.

"நிம்மதியா இருந்தது சார்" என்றாள்.

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை, ஆனால் வெளியே வந்ததும் கேன்டீனில் இரண்டு டீ வாங்கினேன். ஒன்றை அவளிடம் கொடுத்தேன். குடித்தாள்.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.

அப்பா ரசம் கேட்டதை நீ போனிலேயே உளறிவிட்டாய். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மாதவி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
6 மார்ச்

ஜெபின்,

விசாரணை முடிவு எழுத்தில் வந்துவிட்டது. நான் செய்தது சரி என்று இருக்கிறது. எரிபொருள் குளிரும்போது உயரம் குறைக்க விமானி தரை அலுவலகத்தின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எல்லா விமானிகளுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. என் பேர் அதில் இல்லை. இருக்கவேண்டியதும் இல்லை.

அதே தபாலில் இன்னொன்றும் வந்தது. இந்த மாதத்தோடு முடியும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம். காரணம், "நிர்வாகத்துடன் ஒத்துழைப்பு போதாது." படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் கிணற்றடியில் போய் அழுதேன். அம்மா பார்த்தாள், கூப்பிடவில்லை.

வழக்குப் போடு என்று அப்பா சொல்கிறார். போடுவேன். நீயும் சொல்வாய் என்று தெரியும், அதனால் முன்னாலேயே எழுதிவிட்டேன். இந்தத் தடவை நம் இருவருக்கும் ஒரே கருத்து.

நேற்று ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் வீடியோவில் நேர்காணல் எடுத்தார்கள். அவர்களும் அதே வடக்கு வழிதான் போகிறார்கள். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் ஒருத்தர் கையைக் கோத்துக்கொண்டு, டிசம்பர் சம்பவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம், மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் வளைந்து ஒரு பதில் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்கிற குரல். பக்கத்து அறையில் அப்பா மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை இன்னும் முன்னாலேயே இறங்குவேன் என்றேன்.

குறித்துக்கொண்டார்கள். தகவல் சொல்கிறோம் என்றார்கள். கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் வேறு இடத்தில் இதே பதிலைச் சொல்வேன்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் வாரேன். நீ என்னைக் கூட்டிப்போக இங்கே வரவேண்டாம், பெட்டியும் நானே தூக்கிக்கொள்வேன். ஆனால் ராஜபாளையம் ஸ்டாண்டில் வந்து நில். உன்னைப் பார்க்கவேண்டும்.

மாதவி